முந்தியே எடுத்து வைத்தது

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில், லேடீஸ் பெட்டியில், ஃப்ளோராவிடம் மாட்டாதவர்கள் யாருமில்லை. பங்காருபேட்டையில் ஏறுகிறவர்கள் எல்லாம் ஏறி, இடம் பிடித்து, பாதிப் பேர் கண்ணை மூடும் நேரம் பார்த்து எழுந்து நிற்பாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கே செத்துப்போனா எங்க போவீங்கன்னு யோசிச்சீங்களா?" என்று ஆரம்பிப்பாள். காலை ஏழு மணிக்கு இதைக் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

எனக்கு வந்தது. நான் மரியகுழந்தை. கண்டோன்மென்ட்டில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பிறந்ததிலிருந்து கத்தோலிக்கக்காரி. நானும் கிறிஸ்தவள்தானே என்று அவள் என்னை விட்டுவைத்ததில்லை. "மரி, மெழுகுவத்தி ஏத்தினா மட்டும் போதாது, மனசு மாறணும்" என்பாள். "நீ மொதல்ல உக்காரு தாயே, எனக்குக் காத்து வரல" என்பேன் நான். பெட்டியே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் உட்கார மாட்டாள்.

ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை அவளுக்கு. வயது ஐம்பத்து நான்கு. பையில் சாப்பாட்டு டப்பாவும், அதற்குப் பக்கத்தில் இயேசுவைப் பற்றி அச்சடித்த, ரப்பர் பேண்ட் போட்ட கைப்பிரதிக் கட்டும் இருக்கும். ஒருநாள் காலேஜ் பெண் ஒருத்தி கைப்பிரதியை வாங்கி அவள் கண்ணெதிரிலேயே கிழித்துக் கீழே போட்டாள். ஃப்ளோரா கோபப்படவில்லை. குனிந்து, யார் காலிலும் படாமல் துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றைக்கு அந்தப் பெண்ணை நான்தான் கடித்துக் குதறினேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் சொன்னவள் ஒரே ஒருத்தியிடம் மட்டும் வாய் திறந்ததில்லை. அவள் பக்கத்து சீட்டு மங்கம்மாவிடம்.

மங்கம்மா மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீட்டுக்காரி, ஃப்ளோராவைவிட நாலு வயது மூத்தவள். கார்மெண்ட்ஸில் வேலை. பத்தொன்பது வருஷம் இரண்டு பேரும் ஒரே சீட்டில் போய்வந்தார்கள். முதலில் வருகிறவள் மற்றவளுக்குக் கைக்குட்டை போட்டு இடம் வைப்பாள். சாயங்காலம் திரும்பும்போது அவரைக்காயை மடியில் கொட்டி இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நறுக்குவார்கள். மங்கம்மாவின் டப்பாவில் கை வைக்காமல் ஃப்ளோரா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

வருஷா வருஷம் ஆயுத பூஜை லீவுக்கு முந்தின நாள் எங்கள் பெட்டிக்கும் பூஜை உண்டு. வாழைக்கன்று கட்டி, பலூன் ஒட்டி, படத்துக்கு மாலை போட்டு, கொண்டைக்கடலைச் சுண்டலும் பொரியும் படைத்து எல்லோருக்கும் கொடுப்பார்கள். சுண்டல் மங்கம்மாவின் பொறுப்பு. சாமிக்குப் படைத்ததை ஃப்ளோரா தொடமாட்டாள். நான் வாங்கித் தின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஃபாதரிடம் ஒப்பித்துக்கொள்கிற ஆள். அவள் அப்படி இல்லை. அதனால் மங்கம்மா வீட்டிலேயே, படைக்கிறதுக்கு முந்தியே, ஒரு சின்ன டப்பாவில் ஃப்ளோராவுக்குத் தனியாக எடுத்து வைத்துக் கொண்டுவருவாள். "இந்தா, உன்னுது. எந்த சாமியும் பாக்கல" என்று மடியில் வைப்பாள். ஒரு வருஷம்கூட மறந்ததில்லை.

ஒருநாள் சீண்டிப் பார்க்கலாம் என்று கேட்டுவிட்டேன். "ஊருக்கெல்லாம் சொல்ற. மங்காக்காகிட்ட ஏன் சொல்றதில்ல?"

ஃப்ளோராவின் முகம் மாறிவிட்டது. பதிலுக்கு அவள் தன் அப்பா கதையைச் சொன்னாள்.

அப்பா பேர் டென்னிஸ். தங்கச் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். பாறை வெடிப்பதற்கு முன்னால் உள்ளே சின்னச் சின்னதாகச் சத்தம் கேட்குமாம். பாறை பேசுகிறது என்பார்களாம். ஒருநாள் ஷிப்ட் முடிந்து, ஆட்களை மேலே ஏற்றுகிற கேஜுக்கு வரும்போது அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது. எதிரில் அடுத்த ஷிப்ட் ஆட்கள் நின்றார்கள். சொல்ல வாயெடுத்தார். அதற்கு முந்தின வாரம் இதே மாதிரி சொல்லி எல்லோரும் கேலி செய்தது ஞாபகம் வந்தது. பேசாமல் கேஜில் ஏறி மேலே வந்துவிட்டார். குளித்துவிட்டுச் சோற்றில் கை வைத்தபோது வீடு குலுங்கியது, அலமாரியிலிருந்து பாத்திரம் உருண்டது. கீழே போனவர்களில் இரண்டு பேர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் பதினொரு வருஷம் உயிரோடிருந்தார். வீட்டிலிருந்து யார் வெளியே கிளம்பினாலும் "பாத்துப் போ" என்று மூன்று தரம் சொல்வார். மூன்றாம் தரம் அழுதுவிடுவார்.

"எங்க பாஸ்டர் ஒரு நாள் பிரசங்கத்துல சொன்னாரு. ஆபத்து தெரிஞ்சும் சத்தம் போடாத காவக்காரன்கிட்டதான் செத்தவங்க பழிய கர்த்தர் கேப்பாருன்னு. எல்லாரும் புதுசா கேக்கற மாரி கேட்டாங்க. நான் அத வீட்லயே பாத்தவ மரி" என்றாள்.

"அப்ப மங்காக்காகிட்ட?"

"சொன்னா அப்புறம் எனக்கு இடம் போடுவாளா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு நான் அவளைக் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஜூலையில் மங்கம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆகஸ்டில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்து சீட்டில் ஃப்ளோரா தன் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது கேட்டால் எடுத்துவிடுவாள், ஆனால் முகத்தைப் பார்க்க முடியாது. ஒரு வாரம் முழுக்க அவள் எழுந்து நின்று பேசவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்து, "ஞாயித்துக்கெழம கூட வா மரி. தனியா போனா எனக்கு வாய் வராது" என்றாள்.

"வேணாம் ஃப்ளோரா. சாவப்போறவள நிம்மதியா விடு" என்றேன்.

"நிம்மதியா விட்டுட்டுத்தான் எங்கப்பாவும் மேல வந்தாரு" என்றாள்.

போனோம். மங்கம்மா கட்டிலில் ஒரு பிடியாகச் சுருங்கிப்போயிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். ரயில் நேரத்துக்கு வருகிறதா, தன் இடத்தில் யார் உட்காருகிறார்கள் என்றெல்லாம் கேட்டாள். ஃப்ளோரா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன். இன்னா இழுக்கிற?"

ரயிலில் பேசும் குரல் வரவே இல்லை. "இயேசப்பா ஒருத்தர்தான் அக்கா வழி. இப்பவே, மனசுக்குள்ளயே, ஒரு வாட்டி அவர கூப்புடு. அது போதும். இல்லன்னா..."

"இல்லன்னா?"

ஃப்ளோரா காலை இன்னும் வேகமாகப் பிடித்துவிட்டாள்.

"இல்லன்னா இன்னா ஃப்ளோரா? ரயில்ல சொல்லுவியே, அந்த நெருப்பா?"

ஃப்ளோரா ஆமென்று தலையசைத்தாள். கண்ணீர் மங்கம்மாவின் பாதத்தில் விழுந்தது.

மங்கம்மா காலை மெல்ல இழுத்துக்கொண்டாள். "அது ஊரு ஜனத்துக்குச் சொல்றதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எனக்கும் சேத்துதானா அது? பத்தொம்போது வருஷமா என் டப்பாவுல கைய வெச்சி துன்னுக்கினு, இவ எரியப்போறவன்னு மனசுல வெச்சிக்கினு இருந்தியா?"

"அதனாலதான் அக்கா தூக்கம் இல்லாம..."

"அவ்ளோ நெருப்புன்னா மொத நாளே கையப் புடிச்சி இழுத்திருக்கலாம் இல்ல? அன்னைக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

ஃப்ளோராவின் அப்பா டென்னிஸைக் கடைசிவரை அரித்ததும் இந்த ஒரே கேள்விதான் என்பது மங்கம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. மங்கம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "மரி, கதவ சாத்திக்கினு போங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஃப்ளோரா ரயிலில் பேசுவதை நிறுத்திவிட்டாள். இவள் வாயை மூட மாட்டாளா என்று எத்தனை வருஷம் அலுத்துக்கொண்டிருக்கிறேன்! இப்போது பங்காருபேட்டை தாண்டியதும் பெட்டி அமைதியாக இருந்தது, எனக்கு அது தாங்கவில்லை. மங்கம்மா வீட்டு வாசல்வரை இரண்டு தரம் போய்த் திரும்பிவந்ததாகச் சொன்னாள். உள்ளே போக அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. செப்டம்பர் கடைசியில் மங்கம்மா இறந்துபோனாள். எடுக்கும்போது ஃப்ளோரா கூட்டத்துக்குக் கடைசியில் சுவரை ஒட்டி நின்றாள்.

அடுத்து ஆயுத பூஜை வந்தது. மங்கம்மா இல்லாததால் இந்தத் தடவை சுண்டல் செய்தவள் வாணி. அவளும் மைசூர் மைன்ஸ்காரி, எங்கள் பெட்டிதான். ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் பூஜை முடிந்தது. தட்டு எங்கள் பக்கம் வந்தபோது ஃப்ளோரா வழக்கம்போல் கையை மடக்கிக்கொண்டாள். வாணி தட்டை என்னிடம் நீட்டிவிட்டு, தன் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து ஃப்ளோராவின் மடியில் வைத்தாள்.

"இது வீட்லயே, படைக்கறதுக்கு முந்தியே எடுத்தது. மங்காக்கா சொல்லிட்டுப் போனாங்க."

ஃப்ளோரா டப்பாவைத் தொடவில்லை. "எப்ப சொன்னாங்க?"

"சாவுறதுக்கு ரெண்டு நாளுக்கு முந்தி. பாக்கப் போனேன். பேச்சு சரியா வரல, காத வாய்கிட்ட வெச்சிதான் கேட்டேன்."

"வேற எதுனா சொன்னாளா? யாரையாச்சும் கூப்பிட்டாளா வாணி? எதுனா ஒரு பேரு?"

அவள் எந்தப் பெயரைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. வாணிக்குப் புரியவில்லை. "உன் பேருதான் சொன்னாங்க. ஃப்ளோராவுக்கு தனியா எடுத்து வை, கலந்துட்டா அவ துன்னமாட்டா, பயப்புடுவான்னாங்க."

ஃப்ளோரா டப்பாவைத் திறந்து ஒவ்வொரு கடலையாக எடுத்துத் தின்றாள். ஒயிட்ஃபீல்டு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. வண்டி கிளம்பிய பிறகு என்னைப் பார்த்து, "மரி, அவ இப்ப எங்க இருப்பா?" என்றாள். கண்டோன்மென்ட்வரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

லீவு முடிந்து முதல் நாள். பங்காருபேட்டையில் ஒரு புதுப் பெண் ஏறினாள். கழுத்தில் கம்பெனி அட்டை, நெற்றியில் குங்குமம். இடமில்லாமல் தவித்தாள். ஃப்ளோரா பக்கத்து சீட்டிலிருந்த தன் பையை எடுத்துக்கொண்டு, "வா, ஒக்காரு" என்றாள். பெயரைக் கேட்டாள். மமதா என்றாள் அந்தப் பெண். சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகு அந்தப் பெண்ணின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "இத மொத நாளே சொல்லிட்றேன், கோச்சிக்காத" என்று ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் பயந்துபோய்க் கையை உருவப் பார்த்தாள். உதவிக்கு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.