கால் டம்ளர் டீ

பெங்களூரில் வேலை பார்க்கும் உஸ்பெக்கிஸ்தான்காரர்களை எல்லாம் தேடிப் பிடித்து ஒன்று சேர்த்தவன் நான்தான்.

சரி, பொய். அவர்கள் என்னைக் கேட்காமலேயே பல வருடமாக மாதம் ஒருமுறை கூடிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதுவும் மூளையால் இல்லை, டீயால்.

எனக்கு ஊர் தருமபுரி பக்கம் அதியமான்கோட்டை. வாடகைக் கார் ஓட்டுகிறேன். பள்ளிக்கூடத்துக்குள் போவது ஓட்டுப் போடுகிற அன்றைக்கு மட்டும்தான். பாலக்கோடு ரோட்டில் இருக்கும் ஒரு நூல் மில்லுக்குப் புது மிஷின் பூட்ட உஸ்பெக்கிஸ்தானிலிருந்து ஓர் இன்ஜினியர் மேடம் வந்தார். தினமும் அவரைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் வேலை. அவர் தன் பாஷையில் போனிடம் சொல்வார். போன் எனக்குத் தமிழில் சொல்லும். அந்தத் தமிழ் பட்டிமன்ற நடுவர் பேசுவது மாதிரி இருக்கும்.

ஒரு நாள் ரயில்வே கேட்டில் நின்றோம். முன்னால் தக்காளி லாரி. மேடம் பிளாஸ்க்கைத் திறந்து கப்பில் டீ ஊற்றினார். அதை மறுபடி பிளாஸ்க்கிலேயே கொட்டினார். மூன்று தடவை இப்படியே. டீ ஆற்றத் தெரியவில்லை பாவம் என்று நினைத்தேன். கடைசியில் கால் கப் மட்டும் ஊற்றி, நெஞ்சில் கை வைத்து என்னிடம் நீட்டினார். ஒரே மடக்கு. மறுபடியும் கால் கப். எனக்குச் சுருக்கென்றது.

"ஏனுங்க மேடம், டீத்தூள் வெலை ஏறிப்போச்சுங்களா?"

போன் அதை அவருக்குச் சொன்னதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு போன் என்னிடம் முழங்கியது: "விருந்தினருக்குக் குறைவாக ஊற்றுவதே மரியாதை. அப்போதுதான் மீண்டும் மீண்டும் ஊற்றி உபசரிக்க இயலும். கிண்ணத்தை நிரப்பினால், புறப்படுங்கள் என்று பொருள்."

அதன் பிறகு தினமும் எனக்குக் கால் கப் மரியாதை. பத்து தடவை குடித்தாலும் தொண்டை நனையாது.

ஒரு சாயங்காலம் அவர் பிளாஸ்க்கைத் திறக்கவே இல்லை. போன் மட்டும் பேசியது: "இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கச் சொல்கிறார்கள். இங்கே என் மொழி பேச ஒருவரும் இல்லை. நான் ஊருக்குப் போகிறேன்."

"எங்கிட்ட பேசுங்க மேடம். நா நாள் பூரா பேசுவனே."

"அதுவும் ஒரு காரணம்" என்றது போன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹைவே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் வெள்ளைக்காரர்கள் மாதிரி இரண்டு பேர், பெங்களூர் நம்பர் கார், கையில் சொந்த பிளாஸ்க். ஒருவர் கப்பில் ஊற்றினார், திரும்பப் பிளாஸ்க்கில் கொட்டினார். மறுபடி ஊற்றினார், கொட்டினார். மூன்றாவது தடவையும் கொட்டியபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். கால் கப். நெஞ்சில் கை!

நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர்கள் குடித்து முடித்துக் காரில் ஏறிவிட்டார்கள். என் காரை எடுத்து அவர்கள் முன்னால் குறுக்கே போட்டேன்.

"யோவ், பட்டப்பகல்ல ஆள் கடத்துறியா?" என்று டீ மாஸ்டர் கத்தினார்.

"ஹோகபேடி, ஹோகபேடி!" என்று தெரிந்த கன்னடத்தில் போகாதீர்கள் என்றேன். நல்ல வேளை, ஒருவருக்குக் கொஞ்சம் கன்னடம் தெரிந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், கூட இருந்தவர் மருந்துக் கம்பெனி. ஏற்காட்டுக்குப் போகிறார்களாம். நான் மேடத்துக்குப் போன் போட்டு கம்ப்யூட்டர்காரர் கையில் திணித்தேன்.

அவர் ஏதோ சொன்னார். பிறகு பாருங்கள், ஏரித் தூம்பைத் திறந்து தண்ணீர் விட்ட மாதிரி வந்தது மேடத்தின் பேச்சு! இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை. அவர் என் போனோடு கடையைச் சுற்றிச் சுற்றி வந்தார், நான் சார்ஜரோடு பின்னாலேயே ஓடினேன்.

அன்றைக்கு ஏற்காடு கேன்சல். நேராக மேடம் குவார்ட்டர்ஸுக்குத்தான் போனோம்.

அடுத்த மாதம் மேடத்தை பெங்களூர் கூட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மாதம் ஒருவர் வீட்டில் விருந்து, அதுதான் அவர்கள் வழக்கம். திரும்பும்போது தருமபுரி வரைக்கும் பாடிக்கொண்டே வந்தார். மில்லுக்கு என்ன பதில் என்று கேட்டேன். அதற்குள் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது. "என் முறை வரட்டும் அண்ணா. எல்லாரும் சாப்பிடட்டும். அப்புறம் சொல்றேன்."

அந்த முறை இன்றைக்குத்தான். குவார்ட்டர்ஸ் அடுப்படியில் பூனை புகுந்தாலே நெரிசல். அதனால் விருந்து என் வீட்டில். என் வீட்டுக்காரி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "சோறு அவங்க ஆக்கட்டும். டீ நாந்தான் குடுப்பேன்."

இதை வாசலில் நிற்கும் காருக்குள் ஒளிந்துகொண்டு போனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. உள்ளே போனால் கேரட் நறுக்கச் சொல்வார்கள். மேடம் என்ன முடிவு சொல்வாரோ என்று வாசலையே எட்டி எட்டிப் பார்க்கிறேன். பெங்களூரில் முதல் தடவை, அவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடும் பெரிய சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்தபோது நான் என்ன பண்ணினேன் என்றால், கையை நேராக—

"அண்ணா! ஓடி வாங்க!" மேடம் குரல். "அக்கா எல்லார்க்கும் டீ முழுசா ஊத்திட்டாங்க! எங்கள போகச் சொல்றாங்க!"

"ஏனுங்க, வூட்டுக்கு வந்தவங்களுக்குக் கால் டம்ளர் குடுக்க நா என்ன கஞ்சப் பிசினாறியா? வந்து சொல்லுங்க இவங்ககிட்ட!" இது என் வீட்டுக்காரி.

"நான் போகமாட்டேன் அக்கா! ரெண்டு வருசம் போகமாட்டேன்!"

என்ன சொன்னார்? ரெண்டு வருசமா? இருங்க மேடம், இதோ வர்றேன்!