பஸ் தரிப்பிடத்தில் ஒரு சரித்திரக் கேள்வி

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நான் வெங்காயம் வெட்டிய சாப்பாட்டுக் கடையை விட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். என் முதலாளிக்கும் எதிர்க்கடைக்காரருக்கும் ஆட்டிறைச்சி ரோல்ஸ் வியாபாரத்தில் தீராத பகை. எதிர்க்கடையில் நான் தேநீர் குடித்ததைப் பார்த்துவிட்டு முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நான் இரவில் படுப்பதும் அவருடைய கடை மாடியில்தான் என்பதால் படுக்கையும் போயிற்று.

பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெண் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். உடைத்த கோதையும் பருப்பையும் ஒரே சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, பிறகு பருப்பைத் தேடித் தேடித் தின்றார். மடியில் ஒரு பள்ளிக்கூடப் புத்தகம் விரிந்து கிடந்தது.

“அண்ணை, முதலாம் உலகப் போருக்கு அமெரிக்கா ஏன் பிந்திப் போனது? மகளின்ரை வீட்டுப்பாடம்.”

“பயந்திருக்கும்.”

“பயமோ? நடுநிலை எண்டு சொல்லிக்கொண்டு ஒரு பக்கத்துக்குச் சாமான் வித்தவை. மற்றப் பக்கம் இவையின்ரை கப்பலுகளை மூழ்கடிச்ச பிறகுதான் ரோசம் வந்தது.”

என் கதையைச் சொன்னேன். “நானும் நடுநிலைதான், தங்கச்சி.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “வேலை ஒரு கடையிலை, தேத்தண்ணி மற்றக் கடையிலை. ஆர் நம்புவினம்? உங்கடை கப்பலும் மூழ்கிட்டுது. இன்னும் ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?”

பஸ் வந்தது. ஒரு பிடி கச்சானை என் கையில் திணித்துவிட்டு ஏறிப் போனார். பாதிக்கு மேல் கோது. எனக்கு வழி சொன்னாரா, பகிடி பண்ணினாரா என்பது இன்றும் விளங்கவில்லை.

மறுநாள் காலை எதிர்க்கடையில் வெங்காயம் வெட்டச் சேர்ந்தேன். பழைய கடையின் ரோல்ஸுக்குள் என்னென்ன போடுகிறார்கள் என்று புது முதலாளி கேட்டார். உப்பின் அளவு வரை சொன்னேன்.