இடப்பக்கம் விழுந்த பந்து

ஸ்டெபி இருபது வயதுப் பெண்ணாக இருந்திருந்தால் சுமலதா அவளை மன்னித்திருப்பாள். வயசுப் பிள்ளை, துள்ளத்தான் செய்யும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஓரமாய் நின்று கைதட்டியும் இருப்பாள். ஆனால் ஸ்டெபிக்கு ஐம்பத்திரண்டு வயது. சுமலதாவைவிட ஆறு வயது மூத்தவள். காதோரம் முழுக்க நரைத்து, இடுப்பு பருத்து, படியேறினால் மூச்சு வாங்குகிறவள். அப்படிப்பட்டவள் எறிபந்து ஆட இறங்கினால் எல்லார் கண்ணும் அவள் மேலேயே போய் நின்றது. அதைத்தான் சுமலதாவால் பொறுக்க முடியவில்லை.

சேரம்பாடியில் அவர்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேக்டரிக்குப் பின்னால் எறிபந்து ஆடுவார்கள். மண்ணை வெட்டிச் சமப்படுத்திய சின்ன இடம். இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வலையைக் கட்டிவிட்டால் மைதானம் தயார். பனி இறங்கினால் எதிர்ப்பக்கம் நிற்கிறவள் முகம் தெரியாது, பந்து மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வரும். இரண்டு கையாலும் பிடித்து, நின்ற இடத்திலிருந்தே ஒற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்கித் திருப்பி எறிய வேண்டும். தரையில் விழுந்தால் பாயின்ட் போச்சு. வாரம் முழுக்கக் கொழுந்து பறித்த கைகளுக்கு அந்த ஒரு நாள்தான் வேறு வேலை.

அந்தக் கைகளில் சுமலதாவின் கைக்குத் தனிப் பெயர் இருந்தது. அவள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அப்பா எல்லப்பன் சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர். சுமலதாவுக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றது, பந்து நிற்கவில்லை. கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், மூத்தவள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கும் போய்விட்டாள். அப்போதும் சுமலதாதான் சர்வீஸ் போட வேண்டும் என்று பெண்கள் பந்தை அவளிடம் நீட்டுவார்கள். முழங்காலில் வலி வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு காலையில் தைலத்தைத் தேய்த்து, சுடிதார் பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி இறங்கி வருவாள்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்ததும் ஸ்டெபி வந்தாள். கொழுந்து பறிக்கும் பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற புள்ளக்காம்பராவுக்கு ஆயாவாக வந்தவள். புருஷன் ஷிஜோ லாரி டிரைவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வந்து நின்றவளின் காலடியில் பந்து உருண்டு போனது. எடுத்து எறிந்தாள். அது வலைக்கு ஒரு சாண் மேலே தாழ்ந்து பறந்து, எதிர்ப்பக்கம் இரண்டு பேருக்கு நடுவில் விழுந்தது. டீமை நடத்திக்கொண்டிருந்த சரிதா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சேச்சி, எங்க படிச்சீங்க இத?”

“வயநாட்ல, ஸ்கூல் டீம்ல ஞானும் ஆடினேன். பின்னே கல்யாணம், புள்ளைங்க. கை மறந்திருக்கும்னு நெனச்சேன். மறக்கல” என்று சொல்லி ஸ்டெபி சிரித்தாள்.

அன்றோடு சுமலதாவின் ஞாயிற்றுக்கிழமை கெட்டது. சரிதா சர்வீஸை ஸ்டெபிக்குக் கொடுத்தாள். நடுவில் அவளை நிறுத்தி, சுமலதாவை அவளுக்கு இடப்பக்கம் தள்ளினாள். “அக்கா, ஒங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டா இருக்கும்ல” என்று வேறு சொன்னாள். முழங்கால் விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது என்று சுமலதாவுக்குச் சுருக்கென்றது.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. ஃபேக்டரியில் வேலை செய்யும் அவள் கணவன் ரவிச்சந்திரன் டீ குடித்துக்கொண்டே சொன்னான்:

“அந்தச் சேச்சி பந்தப் புடிக்கிறதப் பாத்தியா? கையில சத்தமே வர மாட்டேங்குது.”

“நா புடிச்சா மட்டும் கொட்டு மேளமா கேக்குது?”

“நா அப்படியா சொன்னேன்?”

“வேற எப்படிச் சொன்னீங்க?”

அவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனான்.

சுமலதா ஸ்டெபியைக் கவனிக்கத் தொடங்கினாள். ஒரு குறையாவது கிடைக்காதா என்ற ஆசைதான். கால் எப்படி வைக்கிறாள், எப்போது மூச்சு வாங்குகிறாள், எந்தப் பந்துக்குத் தயங்குகிறாள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தாள். மற்ற நாளில் கொழுந்து நிறுக்கப் போகும்போது, பக்கத்திலேயே இருந்த புள்ளக்காம்பரா வாசலையும் எட்டிப் பார்த்தாள். யாரும் ஒருத்தியை அவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள். கடைசியில் குறை கிடைத்தது. இடப்பக்கம் வருகிற பந்துக்கு ஸ்டெபி முழு உடம்பையும் திருப்பினாள். கழுத்தை மட்டும் திருப்பினால் போதுமே, ஏன் இப்படி என்று யோசித்தபோது சுமலதாவுக்குப் புரிந்தது. இடது கண்ணில் பார்வை இல்லை. அந்தப் பக்கம் வந்த பந்துகளை இத்தனை நாளும் பக்கத்தில் நின்ற சுமலதாவே பிடித்துக்கொண்டிருந்ததால், மற்றவர்களுக்கு அது தெரியாமலே போயிருந்தது.

தெரிந்ததை அவள் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். மகளிர் தினப் போட்டி வந்தது. இரண்டு டீமை ஜெயித்து, கடைசி ஆட்டத்தில் சேரங்கோட்டுப் பெண்களோடு மோதினார்கள். கடைசி செட்டில் சமமாக நின்று, அப்புறம் சேரங்கோடு ஒரு பாயின்ட் முன்னால் போனது. இன்னும் ஒன்று எடுத்தால் கோப்பை அவர்களுக்கு. அப்போது வந்த பந்து ஸ்டெபிக்கும் சுமலதாவுக்கும் நடுவில், ஸ்டெபியின் பக்கம் சாய்ந்து இறங்கியது. எட்டி ஒரு அடி வைத்தால் சுமலதா பிடித்திருக்கலாம். “சேச்சி, எடது” என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். இது அவளுடைய பந்து, அவளே பிடிக்கட்டும் என்று நின்றாள். ஸ்டெபி உடம்பைத் திருப்புவதற்குள் பந்து மண்ணில் விழுந்து புழுதியைக் கிளப்பியது.

ஒரு நொடி சுமலதாவின் நெஞ்சுக்குள் சில்லென்று ஒரு சந்தோஷம் ஓடியது. அடுத்த நொடி அதுவும் போயிற்று. தோற்றுப்போன பெண்கள் எல்லாரும் ஸ்டெபியைச் சுற்றி நின்று அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க இல்லன்னா இவ்வளவு தூரமே வந்திருக்க மாட்டோம் சேச்சி. அழுவாதீங்க” என்றாள் சரிதா.

பந்தைக் கோட்டை விட்டாலும் அவளுக்குத்தான் அன்பு. சுமலதா தனியாகக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். தண்ணீர் பட்டும் முகம் காந்தியது.

மறுநாள் கொழுந்தை நிறுத்துவிட்டு நேராகப் புள்ளக்காம்பராவுக்குப் போனாள். ஸ்டெபி ஒரு குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய மருந்து பாட்டிலை வலது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். சுமலதா அவளுடைய இடப்பக்கம் போய் நின்றதே அவளுக்குத் தெரியவில்லை.

“சேச்சி, எடது கண்ணு தெரியலதானே?”

ஸ்டெபி திடுக்கிட்டுத் திரும்பினாள். “ஆரு சொன்னது?”

“யாரும் சொல்லல. நானா பாத்தேன்.”

“ஒரே வீட்ல இருக்கற ஷிஜோவுக்கே தெரியாது. நீ எப்படிப் பாத்தே?”

இத்தனை மாதமாக உன்னை விட்டு நான் கண்ணையே எடுக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? “சும்மாதான்” என்றாள் சுமலதா.

ஸ்டெபி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “ஆபீஸ்ல சொல்லிராதே மோளே. கண்ணு தெரியாதவகிட்ட புள்ளைங்கள விடுவாங்களா? வேல போயிரும், வீடும் போயிரும்.”

வெளியே வந்த சுமலதா வாசலிலேயே நின்றாள். ஒரு வார்த்தை போதும். ஸ்டெபி புள்ளக்காம்பராவை விட்டு, லயத்தை விட்டு, மைதானத்தை விட்டே போய்விடுவாள். சர்வீஸ் மறுபடியும் தன் கைக்கு வரும். எதிரே, வேலைக்கு ஆள் பிரித்து விடுகிற மேஸ்திரி பரமசிவன் வந்துகொண்டிருந்தார்.

“என்ன சுமலதா, ஏதோ சொல்ல வந்த மாதிரி நிக்கிறே?”

சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் ஒரு காட்சி மனதில் வந்து நின்றது. ஸ்டெபி பெட்டியோடு பஸ்ஸுக்கு நிற்கிறாள். லயமே கூடி வந்து அழுகிறது. சரிதா கட்டிப்பிடித்துத் தேம்புகிறாள். ரவிச்சந்திரன்கூடக் கண்ணைத் துடைக்கிறான். அதற்கப்புறம் காலம் முழுக்க, சேச்சி இருந்தப்ப எப்படி ஆடுவோம் தெரியுமா என்ற பேச்சையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இருக்கிற ஸ்டெபியையாவது தாங்கலாம், போன ஸ்டெபியைத் தாங்க முடியாது.

“வர்ற வியாழக்கெழம எனக்கு லீவு வேணுங்க” என்றாள்.

அந்த வியாழக்கிழமை கூடலூரில் இலவசக் கண் முகாம் இருந்தது. பஸ்ஸில் ஸ்டெபியை ஜன்னலோரம் உட்கார வைத்துக் கூட்டிப் போனாள். கண்புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். அன்று இரவே ஷிஜோவிடம் பேசி, அவனோடு அவளைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி வைத்ததும் சுமலதாதான். ஸ்டெபி திரும்பி வரும்வரை புள்ளக்காம்பரா வேலையைப் பார்க்கத் தன் ஓரகத்தி வேலாயியை ஏற்பாடு செய்தாள். ஏன் இதையெல்லாம் செய்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. மைதானத்தில் பந்து விழுந்த சத்தம் மட்டும் அவ்வப்போது காதில் கேட்டது.

ஸ்டெபி கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினாள். வேலை தப்பித்தது தெரிந்ததும் பயம் விட்டுப்போய், நடந்ததை லயம் முழுக்கச் சொன்னாள். சுமலதாதான் கண்டுபிடித்தாள், சுமலதாதான் கூட்டிப் போனாள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

“சேச்சி மேல ஒங்களுக்கு எவ்வளவு பாசம்க்கா” என்றாள் சரிதா. “கூடப் பொறந்தவகூட இப்படிக் கவனிச்சுப் பாக்க மாட்டா.”

சுமலதாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. ரவிச்சந்திரன் பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்தான். அவனையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

டாக்டர் சொன்ன ஓய்வெல்லாம் முடிந்து, ஜூன் மழைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸ்டெபி மறுபடி மைதானத்தில் இறங்கினாள். இரண்டு கண்ணும் தெரிகிற ஸ்டெபியை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். இடப்பக்கம் வந்த முதல் பந்தை எட்டிப் பிடித்தாள். இரண்டாவது வந்தது. அது சுமலதாவின் நெஞ்சுக்கு நேராக வந்த பந்து. அவள் கையை உயர்த்துவதற்குள் ஸ்டெபி குறுக்கே பாய்ந்து அதையும் பிடித்துவிட்டாள். வேடிக்கை பார்த்தவர்கள் விசில் அடித்தார்கள். சுமலதாவின் கை காற்றில் அப்படியே நின்றது.

அவள் கையைக் கீழே இறக்கிவிட்டு சரிதாவிடம் போனாள்.

“என்னய அந்தப் பக்கம் போடு.”

“ஏங்க்கா? சேச்சியும் நீங்களும் ஒண்ணா நின்னாத்தானே டீமே நல்லாருக்கும்?”

“அந்தப் பக்கம் போடுன்னா போடு.”

வலைக்கு அடியில் குனிந்து எதிர்ப்பக்கம் போனாள். முழங்கால் சுளீரென்றது, காட்டிக்கொள்ளவில்லை. பந்தை வாங்கி, கோட்டுக்குப் பின்னால் நின்று, முழு பலத்தையும் சேர்த்து ஸ்டெபியைப் பார்த்து எறிந்தாள். ஸ்டெபி பிடித்தாள். பிடித்த வேகத்தில் இரண்டடி பின்னால் போய், சிரித்துக்கொண்டே உள்ளங்கையை உதறினாள்.

“கொள்ளாம் மோளே” என்றாள். நல்லாருக்கு என்று அதற்கு அர்த்தம்.

சுமலதா சிரிக்கவில்லை. “பேசாம எறிங்க சேச்சி” என்றாள்.