நிவித்திகலையிலிருந்து பஸ் ஏறி வந்த லெப்டொப்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் கேட்டதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. றக்வான பஜாரில் நம் கடைக்கு எதிரே புதிதாகக் கடை போட்டிருப்பவர் வந்து, சிப் எழுதும் கருவியைக் கேட்டார். நானும் எடுத்துக் கொடுத்தேன். அவர் படி இறங்குவதற்குள் பெரியவள், "ஏம்ப்பா, நம்ம கஸ்டமர அவரு இழுத்துக்கிட்டுப் போறாரு. நீங்க கயிறும் சேத்துக் குடுக்கிறீங்களே!" என்றாள். சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் பதில் நின்றுபோனது. நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன், வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும். எழுதித் தருகிறேன்.

அந்தக் கருவி எனக்கு மட்டும் சொந்தமானது அல்ல. நிவித்திகல, புளத்கொகுபிட்டிய, இன்னும் சில ஊர்களில் கம்பியூட்டர் திருத்துகிற நாங்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கியது. யாருக்குத் தேவையோ அவருக்குப் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவோம். லெப்டொப் ஒன்று விழித்தெழும்போது முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது அதற்குள் ஒரு சின்னச் சிப்பில் எழுதியிருக்கும். அந்த எழுத்துக் கெட்டுவிட்டால் திரை வராது. கருவியின் கிளிப்பைச் சிப்பின் மேல் மாட்டிப் பழையதை வாசிக்கலாம், புதியதை எழுதலாம். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுதுவதற்கு முன் கட்டாயம் வாசிக்க வேண்டும். திருத்தி முடித்ததும் நல்ல எழுத்தின் நகலை, அந்தச் சிப் உட்கார்ந்திருக்கும் போர்டின் இலக்கம் தெரியும் போட்டோவோடு பொதுப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி என்றால் எல்லாரும் போனிலிருந்தே திறக்கக்கூடிய ஒரு ஃபோல்டர்தான். ஒருவர் பட்ட பாட்டை இன்னொருவர் படத் தேவையில்லை.

இந்தக் கூட்டத்தில்தான் நிவித்திகல மல்லி இருந்தான். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. எங்கள் போன் குழுவில் எல்லாரும் அவனைக் கொத்தமல்லி என்று கேலி செய்வோம். அவனும் தன் செய்திகளின் முடிவில் ஒரு பச்சை இலைப் படம் போட்டு அனுப்புவான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவன், அதனால் தமிழ் அவன் வாயில் தாராளமாக வரும். எங்கிருந்தோ பொறுக்கிய நாலு ஊர்த் தமிழும் அதில் கலந்திருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, தோட்டத்து மேல் டிவிஷன் லயத்து வீடுகளிலிருந்து ஒரு பெண் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொழும்புக் கம்பனி ஒன்று வீட்டிலிருந்தே செய்யும் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் அந்த லெப்டொப் வழியாக அவள் கம்பனி வேலைக்குள் நுழைந்தாக வேண்டும், நுழையாவிட்டால் வேலை வேறு ஒருவருக்கு. அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். வீட்டில் மாதச் சம்பளம் என்று வரவிருந்த முதல் வேலை அதுதான். மெஷினில் லைட் எரிந்தது, திரைதான் வரவில்லை. நான் கழற்றிப் பார்த்தேன். போர்ட் இலக்கத்தைப் பொதுப் பெட்டியில் தேடினேன், மல்லி போட்ட ஃபைல் ஒன்று அதே இலக்கத்தோடு கிடைத்தது. வழக்கப்படி பழையதை வாசித்து வைத்துக்கொண்டு, மல்லியின் ஃபைலை எழுதினேன். பொத்தானை அழுத்தினேன். முன்பு எரிந்த லைட்டும் இப்போது எரியவில்லை.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, நான் காச்சலோட குடுத்தேன். நீங்க பொணமாக்கி வச்சிருக்கீங்களே" என்றாள். குரலில் கோபம் இருந்தது, கண்ணில் தண்ணீரும் இருந்தது.

கிளிப் சரியாக உட்காரவில்லையோ என்று மறுபடியும் செய்தேன். அதே கதைதான். குழுவில் கேட்டேன். எல்லாரும் என் கையைத்தான் சந்தேகப்பட்டார்கள். புளத்கொகுபிட்டியக்காரர், "றக்வான குளிர்ல வெரல் வெறச்சிருக்கும், தேத்தண்ணி குடிச்சிட்டு மாட்டுங்க" என்று குரல் செய்தி அனுப்பினார். பிறகு மல்லியின் குரல் வந்தது.

"அண்ணே, ஒங்கட கை இல்ல. அது என்ட பிழை. அந்த ஃபைல் ஒருத்தரும் எடுக்க வேணாம். என்ட மேசையில ஒரே மாதிரி மெஷின் ரெண்டு இருந்திச்சி, உள்ளுக்குப் போர்ட் வேற வேற. போட்டோ ஒரு போர்ட், ஃபைல் மத்தப் போர்ட். இப்பதான் பாத்தேன்."

பிள்ளைகளே, அவன் சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. பழி என் விரலோடு போயிருக்கும். புளத்கொகுபிட்டியக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்டவனும் போடுற பெட்டி எதுக்கு? பூட்டிப் போடுங்க" என்றார். மல்லி எனக்கு மட்டும் இன்னொரு செய்தி அனுப்பினான். போட்டோவில் இருந்த போர்டின் நகல் இப்போது அவனிடம் இல்லையாம். அந்தப் பெண்ணின் போர்டும் அவனுடைய சொந்தக் கடை லெப்டொப்பின் போர்டும் ஒரே இலக்கமாம். ஆனால் வாசிக்கும் கருவி என்னிடம் அல்லவா இருந்தது. "நங்கிய இருக்கச் சொல்லுங்க. நான் மெஷினத் தூக்கிக்கிட்டு வாறேன்" என்றான். நங்கி என்றால் தங்கை.

நிவித்திகலையிலிருந்து பஸ் மாறி, மழையில் மலை ஏறி, பிற்பகலில் வந்து இறங்கினான். மழைக்கோட்டை லெப்டொப்புக்குச் சுற்றியிருந்தான். அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அண்ணே, டீ இல்லையா? பஸ்ல நசுங்கி டஸ்ட் தூளா வந்திருக்கேன்."

அந்தப் பெண் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இவருதானா அந்தப் பிழைக்காரரு?"

"ஓவ் நங்கி, நான்தான். நல்லாப் பாத்துக்கங்க. அடுத்த முறை என்ட கடைக்கு வராதீங்க" என்றான். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

அவன் தன் லெப்டொப்பைத் திறந்து வைத்தான். அதில்தான் அவன் கடையின் பில், கணக்கு எல்லாம் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நல்ல மெஷினை வயிறு திறந்து கிளிப் மாட்ட எங்களில் யாரும் துணிவதில்லை. கிளிப் வழுக்கிச் சிப்பின் ஒரு கால் இன்னொரு காலைத் தொட்டால் போதும், நல்லதும் போய்விடும்.

"மல்லி, வழுக்கினா ஒன் கடையும் படுத்துரும்" என்றேன்.

"படுத்தா நீங்கதான் எழுப்பித் தரணும். சல்லி தரமாட்டேன்" என்று சொல்லிக் கிளிப்பை என் கையில் கொடுத்தான். அவனுடைய பிழையால் என் வேலை கெட்ட அதே நாளில், தன் மெஷினை என் கையில் நம்பிக் கொடுத்தான்.

வாசித்தோம். மறுபடியும் வாசித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டோம். அந்தப் பெண்ணின் மெஷினுக்கே உரிய இலக்கங்களை, முதலில் வாசித்து வைத்த நகலிலிருந்து எடுத்து அதில் சேர்த்தோம். பிறகு எழுதினோம். லைட் எரிந்தது. திரை கொஞ்சம் யோசித்துவிட்டு வெளிச்சமானது. அவள் மெஷினைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, நாங்கள் பார்க்காதபடி பாஸ்வேர்டை அடித்தாள். உள்ளே போனதும்தான் மூச்சு விட்டாள். "சரிங்கண்ணே, சரிங்க பிழைக்கார அண்ணே" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். இன்றும் அதே கம்பனியில்தான் இருக்கிறாள், இப்போது ஆட்களை வேலைக்கு எடுப்பதும் அவள்தான்.

பெட்டியை நாங்கள் பூட்டவில்லை. மேசையில் ஒரே ஒரு மெஷின் இருக்கும்போது மட்டும் போட்டோ எடுப்பது என்று வழக்கத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். அதைச் சேர்க்கச் சொன்னவர் புளத்கொகுபிட்டியக்காரர்தான். மல்லி இப்போது கொரியாவில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். எதிர்க்கடைக்காரர் நேற்றுக் கருவியைத் திருப்பித் தந்தார். பெட்டியில் ஒரு புது ஃபைலும் போட்டிருக்கிறார், போட்டோ தெளிவாக இருக்கிறது. கஸ்டமர் நாலு பேர் அங்கே போவார்கள்தான். போகட்டும். எனக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கும், அது நாளைக்கு நம் மேசைக்கும் வரும்.

அன்று மல்லியைப் பஸ் ஏற்றிவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். அதுவரை நான் பெட்டியில் போட்டதெல்லாம் மற்றவர்களுடைய மெஷின்களிலிருந்து எடுத்ததுதான். கடைக் கதவைச் சாத்தினேன். நம் கடையின் சொந்தக் கம்பியூட்டரை, நீங்கள் இருவரும் தவழ்ந்த படங்களெல்லாம் இருக்கிற அதைத்தான், மேசையில் தனியாக வைத்துத் திறந்தேன். கிளிப்பை மாட்டினேன். வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். போட்டோ எடுத்துப் பெட்டியில் போட்டு, "நல்ல மெஷின், றக்வான" என்று எழுதினேன். பிறகு ஆணிகளை முடுக்கிவிட்டுக் கதவைத் திறந்தேன்.