ரேடியோவில் வந்த அரை நிமிஷ வயலின்

ஐம்பது, அறுபதுகளில் பம்பாய் சினிமாப் பாட்டுகளுக்கு வயலின் வாசித்துத்தான் நான் மாட்டுங்காவில் குடித்தனம் நடத்தினேன். வாசித்தேன் என்றால் தனியாக இல்லை, முப்பது வயலின்களில் ஒன்று. அதில் எது என் சத்தம் என்று எனக்கே தெரியாது. இப்படிப் பதினோரு வருஷம் வாசித்த பிறகு ஒரு பாட்டில் அரை நிமிஷம் தனியாக வாசிக்கச் சொன்னார்கள். முதல் டேக்கே ஓகே ஆயிற்று. அன்று வீடு வரைக்கும் லோக்கல் ட்ரெயினில் நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டுடியோவில் மின்சாரக் கீபோர்டு ஒன்று வந்து இறங்கியது. ஹார்மோனியத்தில் பாதிகூட இருக்காது. உள்ளே ரேடியோவில் இருக்கிற மாதிரி வால்வு, வெளியே வரிசையாகக் குமிழ்கள். ஒன்றைத் திருப்பினால் ஷெனாய், இன்னொன்றைத் திருப்பினால் வயலின் என்றார்கள். கொசுவை டப்பாவில் அடைத்த மாதிரி இருக்கிறது என்று சிரித்தேன். எங்கள் பில்டிங் முழுக்க அதையே சொல்லிக்கொண்டும் திரிந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே.

பாட்டு ரேடியோவில் வரும் என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பில்டிங்கே எங்கள் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தது. சாதாரண ஆட்கள் இல்லை. கச்சேரியில் தொடையில் தாளம் போட்டபடியே, வித்வானுக்கு ஸ்ருதி விலகினால் பக்கத்து ஆளுக்குக் கண்ணால் காட்டுகிறவர்கள். சினிமாப் பாட்டென்றால் முகம் சுளிப்பவர்கள் எனக்காக வந்திருந்தார்கள். என் மனைவி எல்லாருக்கும் காபி கொடுத்தாள்.

பாட்டு வந்தது. என் இடமும் வந்தது. மெட்டு அதேதான், ஆனால் வில் திரும்பவே இல்லை. எந்த வயலினிலும் வில் ஒரு முனையில் முடிந்து திரும்பித்தான் ஆக வேண்டும். எவ்வளவு மறைத்தாலும் பழகிய காதுக்கு அது தெரிந்துவிடும். இதிலோ அரை நிமிஷமும் ஒரே இழுப்பு. என்னை எடுத்துவிட்டு அந்தக் கீபோர்டுப் பெட்டியை வைத்து மறுபடி ரெக்கார்ட் செய்திருக்கிறார்கள்! எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம்கூட வரவில்லை.

யாராவது கண்டுபிடித்து மானத்தை வாங்கப்போகிறார்கள் என்று பயந்தேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் பெரிய அடி.

"பேஷ்! ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றார் மாடி வீட்டு மாமா. சபா கமிட்டியில் இருப்பவர். "நீர் சொன்னது வாஸ்தவம் ஓய். இந்தக் குழைவு மெஷினுக்கு வருமோ?"

என் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தினமும் காலையில் என் சாதகத்தைக் கேட்டபடி சமைக்கிறவள். அவளுக்குமா தெரியவில்லை?

வாசித்தது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா வயலின் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டார். "அந்த இடத்தை மட்டும் ஒரு தரம் வாசியுமேன்."

வாசித்தேன். வீம்புக்கு வாசித்தேன். இப்போதாவது வித்தியாசம் இவர்கள் காதில் ஏறட்டும் என்று, ஸ்டுடியோவில் வாசித்ததைவிட நன்றாகவே வாசித்தேன்.

முடித்தேன். மாமா தொண்டையைச் செருமினார். "நன்னாத்தான் இருக்கு. ஆனா ரேடியோல வந்த மாதிரி இல்லையே ஓய். நடுநடுவுல என்னமோ தட்டறது."

"நேத்திக்கு அவருக்குச் சரியாத் தூக்கம் இல்ல மாமா," என்றாள் என் மனைவி அவசரமாக. "இன்னொரு நாள் வாசிச்சா அதே மாதிரி வந்துடும்."