மாதா கழுத்தில் கிடந்த பதக்கம்

மெசபொடேமியச் சண்டையில் குண்டு மழைக்கு நடுவே படகைச் செலுத்தி, காயம்பட்டவர்களைக் கரை சேர்த்தவர் என் மாமா. அதற்காகச் சர்க்கார் ஒரு வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு பழையபடி கட்டுமரம் ஏறினார். அவர் இறந்து ஒரு வருடம் கழித்து, அவருக்கு மரியாதை செய்ய ஒரு துரை வருவதாகக் கடிதம் வந்தது. பதக்கத்தை மேசையில் வைத்து அதற்கு மாலை சூட்டுவாராம்.

மாமிக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை. பதக்கத்தை மாமா என்றைக்கோ மாதாவுக்கு நேர்ச்சையாகக் கொடுத்திருந்தார். சர்க்கார் கொடுத்ததைக் கோயிலுக்குக் கொடுத்தது குற்றமோ என்று அவளுக்குப் பயம்.

"ஒரு மணிக்கூர் நேரத்துக்குக் கேட்டா மாதா தரமாட்டாளா?" என்றேன்.

"மாதாவுக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கப்படாது மக்கா."

துரை வந்தார். மேசை காலியாகக் கிடந்தது. பதக்கம் எங்கே என்று துரை கேட்டதைக் கோயில் உபதேசியார் தமிழில் சொன்னார். மாமி தலை நிமிரவில்லை. கூட்டத்தில் யாரோ, "கள்ளுக்கடைக்குப் போயிருக்கும்" என்றார்கள். எனக்கு எட்டு வயது. வாய் மட்டும் எண்பது வயதுக்கு உண்டு.

"எங்க மாமா கள்ளு குடிக்கமாட்டாரு! அது மாதா கழுத்துல கெடக்கு!" என்று கத்தினேன்.

துரை எழுந்து கோயிலுக்கே வந்துவிட்டார். வாசலில் தொப்பியைக் கழற்றியவர், உபதேசியார் பூட்ஸைப் பார்த்த பார்வையில் அதையும் கழற்றினார். காலுறை ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. மாதாவின் கழுத்தில், வெள்ளிக் கண், வெள்ளிக் கால் என்று ஊரார் செலுத்திய காணிக்கைகளுக்கு நடுவே மாமாவின் பதக்கம் தொங்கியது. துரை தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறைத்து நின்றார். பிறகு மாலையை மாதாவின் காலடியில் வைத்தார். மாமி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

வீடு திரும்பும்போது எனக்கு ஆற்றாமை. "அதை எனக்குத் தந்திருக்கலாம்லா?"

மாமி என் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஒனக்குத்தான் மக்கா தந்தாரு."

மூன்று வயதில் விஷக்காய்ச்சலில் கிடந்த எனக்காக மாமா நேர்ந்துகொண்டதை அம்மா சொன்னது என் கல்யாணத்துக்கு முந்தின நாள். இன்றும் அந்தக் கோயிலுக்குப் போனால் முதல் கும்பிடு பதக்கத்துக்குத்தான். மாதா கோபிக்கமாட்டாள், என் உயிருக்கு நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று அது எனக்குத் தெரியாது. சாயங்காலம் மாமியின் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு துணியாக உதறிப் பார்த்தேன், மாமா எனக்கென்று தந்த இன்னொரு பதக்கம் எங்கே என்று.