இடக்கை மேஸ்திரியின் பதினொரு பிரேம்கள்

சைக்கிளுக்குத் தோல் சீட் தைக்கும் மைத்துனருக்குக் கண் மங்கத் தொடங்கிய வருடம், அவருடைய ஊசிகள் தாமாகவே நூல் கோத்துக்கொண்டன. காலையில் கடைக்கு வந்து தகர டப்பாவைத் திறந்தால், தக்கைத் துண்டில் பன்னிரண்டு ஊசிகள் மெழுகு நூலோடு நிற்கும். மனைவியின் வேலை என்று நினைத்து ஒரு மாதம் கழித்து நன்றி சொன்னார். கடைப் பக்கமே தான் வருவதில்லை, தனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டாள் அவள். ஒருநாள் வழக்கத்துக்கு முன்பே போனவர், பாதி திறந்திருந்த கதவு வழியே பார்த்தார். அக்காள் கணவர் மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, நூலை நாவில் நனைத்து, ஊசிக் காதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மைத்துனர் சத்தம் காட்டாமல் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இருமிக்கொண்டே உள்ளே வந்தார். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

அந்த அக்காள் கணவரைத்தான் தெருவில் எல்லோரும் ஜோசியர் என்பார்கள். அவர் மனிதருக்கு ஜோசியம் பார்த்ததில்லை, சைக்கிளுக்குத்தான். பழைய வண்டி பிரியர்கள் பெயரும் முத்திரையும் உதிர்ந்துபோன வெறும் பிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார்கள். அதை இரண்டு முக்காலிகளின் மேல் சாக்கு விரித்துக் கவிழ்த்துப் போடுவார். சீட் கம்பி இறங்கும் குழாய்க்குள் டார்ச் அடிப்பார். வண்ணத்தை நகமளவு சுரண்டி, எத்தனை பூச்சு என்று எண்ணுவார். முன்பக்கம் விளக்கு மாட்டும் துளை, காற்றுப் பம்பு உரசிய தழும்பு, ஒன்றையும் விடமாட்டார். பிறகு எந்தப் பட்டறை, எந்த வருடம் என்று நிதானமாகச் சொல்வார். சொன்னதை ஒரு துண்டுக் காகிதத்தில் மையால் எழுதி, மெழுகுத்தாளில் சுற்றி, அந்தக் குழாய்க்குள்ளேயே செருகிவிட்டுக் கம்பியை இறக்குவார். பிள்ளைக்குப் பெயர் வைத்த மாதிரி அவருக்கு அப்படி ஒரு திருப்தி.

அவருக்குச் செல்லமானவர் ஒருவர் இருந்தார், இடக்கை மேஸ்திரி. பார்த்ததே இல்லை. குழாய்கள் சேரும் மூட்டில் அரம் ராவிய மெல்லிய கோடுகள் இருக்கும். எல்லாப் பிரேமிலும் அவை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஒன்பது வருடத்தில் வந்த பதினொரு பிரேம்களில் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. ராவியவர் இடக்கைக்காரர் என்று முடிவு கட்டினார் ஜோசியர். கோடு ஆழமாக இருந்தால் வாலிபத்தில் செய்தது, மெலிந்திருந்தால் வயதான பிறகு செய்தது என்று வருடமும் போட்டார். சாப்பிடும்போதுகூட, பாவம், கடைசிக் காலத்தில் அவருக்குக் கை நோவு இருந்திருக்க வேண்டும் என்பார்.

"உங்க இடக்கையாருக்கும் ஒரு தட்டு வைக்கட்டுமா?" என்று கேட்பாள் மனைவி.

பதினொன்றில் ஒன்று அவர் சொந்தத்துக்கு வாங்கி, சுவரில் மாட்டிவைத்தது. அந்த வருடம் பழைய சைக்கிள் சங்கத்தார் தங்கள் கூடத்தில் இடக்கை மேஸ்திரிக்கென்று ஒரு தனிச் சுவர் ஒதுக்கினார்கள். பலகை எழுதியாயிற்று. சனிக்கிழமை ஜோசியர் நாலு வார்த்தை பேச வேண்டும். அவர் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் அளவு கொடுக்கப் போயிருந்த நேரத்தில், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, கிழிந்த சீட்டைத் தைக்கக் கொண்டுவந்தார். சுவரைப் பார்த்ததும் எழுந்து போய், மூட்டின் மேல் விரலை ஓடவிட்டார். இது நாங்கள் செய்தது என்றார். மைத்துனர் பெருமையாக இடக்கை மேஸ்திரியின் கதையை எடுத்துவிட, அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எங்கள்ல யாருக்கும் இடக்கை கிடையாதுப்பா. அது பட்டறையே இல்ல, சந்து. பிரேமைப் படுக்க வெச்சா செவுத்துல இடிக்கும். அதனால தூக்கி நிறுத்தி வெச்சு ராவுவோம். நாங்க நாலு பேரு. லேசா இருக்கிறதெல்லாம் என் கை."

இரண்டரை வருடத்தில் பட்டறையை மூடிவிட்டார்களாம். வாலிபமும் முதுமையும் எல்லாம் அந்த இரண்டரை வருடத்துக்குள்தான்.

அவர் போன பிறகு மைத்துனருக்கு ஊசி ஓடவில்லை. சொன்னால் மாமா ஒடிந்துபோவார். சொல்லாவிட்டால் சனிக்கிழமை சபை நடுவே நின்று, இல்லாத மனிதரைப் புகழ்வார். மறைத்துவிடலாம் என்று ஒரு மனம். அந்த அம்மா சீட்டை வாங்கத் திரும்பி வருவாரே என்று இன்னொரு மனம். இரண்டு நாள் கடவுள் படத்துக்கு முன்னால் கூடுதலாக நின்றார். வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

ஜோசியர் ஒரு பலகைத் துண்டை எடுத்தார். சாக்குக்கட்டியால் வலப்பக்கம் சாய்ந்த கோடுகள் நாலைந்து போட்டார். பலகையைக் கால் வட்டம் திருப்பினார். கோடுகள் இடப்பக்கம் சாய்ந்து நின்றன. மறுபடி திருப்பினார். வலம். பலகையைக் கீழே வைத்தார்.

"ஒம்பது வருஷமா பிரேமைப் பொரட்டிப் பொரட்டிப் பார்த்தேன்டா மாப்ளே. ஒரு தடவை நிறுத்தி வெச்சுப் பார்க்கத் தோணல பாரு."

மைத்துனர், சனிக்கிழமை உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று மெல்லக் கேட்டார். ஜோசியர் சட்டைக் கையில் ஒட்டிய சாக்குப்பொடியைத் தட்டிவிட்டார்.

"அந்தம்மா வீடு எங்க?"

சனிக்கிழமை புதுச் சட்டையோடுதான் போனார், கூடவே அந்த அம்மாவும். நாலு வார்த்தை பேச வேண்டியவர் இரண்டே வார்த்தை பேசினார். தப்பு தன்னுடையது என்றும், வேலை இவர்களுடையது என்றும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மா மட்டும், சுவரில் வைக்க உரியவர்கள் கொண்டுவந்திருந்த பிரேம்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, இது என் கை, இது எங்கள் சின்னவள் கை, இவள் அவசரக்காரி என்று சொல்லிக்கொண்டே போனார். சங்கத்தார் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து ஜோசியர் வீடு வீடாக ஏறினார். சீட் கம்பியைக் கழற்றுவார், பழைய காகிதத்தை உருவுவார், புதியதைச் செருகுவார். சந்துப் பட்டறை, நாலு பேர், இன்னார் கை என்று அதில் இருக்கும். சிலர் காப்பி கொடுத்தார்கள். ஒரு பல் டாக்டர் மட்டும் முகம் சுளித்து, தனக்கு இடக்கை மேஸ்திரிதான் வேண்டும் என்றார்.

"நீங்க அவரையே வெச்சுக்கங்க சார். நான் எழுதின காகிதத்தை மட்டும் குடுத்துருங்க" என்றார் ஜோசியர்.

கொஞ்ச காலம் தெருவில் கேலி நடந்தது. ஜோசியருக்குக் கிரகம் சரியில்லை என்றார்கள். பிரேம் கொண்டுவருபவர்களும் குறைந்தார்கள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. அதன்பிறகு எந்தப் பிரேமையும் படுக்க வைத்து ஒருமுறை, நிறுத்தி வைத்து ஒருமுறை பார்த்தார். மையை விட்டுவிட்டுப் பென்சிலில் எழுதினார். காலையில் டப்பாவில் பன்னிரண்டு ஊசிகளும் வழக்கம்போல நின்றன.

சுவரில் இருந்ததோடு சேர்த்துப் பத்துப் பிரேம்களில் காகிதம் மாற்றியாயிற்று. பதினொன்றாவது ஒரு கப்பல் ஊழியருடையது. அவர் வீடு மாறிப் போயிருந்தார். இரண்டு கடிதங்கள் போட்டார் ஜோசியர். இரண்டும் திரும்பி வந்தன. அது அவருக்குப் பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஒரு குழாய்க்குள் தன் கையெழுத்தில் ஒரு பொய் கிடக்கிறதே என்பார்.

ஜோசியருக்கு முழங்கால் மடக்க முடியாமல் போனபோது, மகள் வந்து அவரையும் மனைவியையும் தன் ஊருக்கு அழைத்துப்போனாள். அங்கே எட்டு மாதம் இருந்து, ஒரு மத்தியானத் தூக்கத்திலேயே அவர் கடவுளிடம் போய்ச் சேர்ந்தார். செய்தி வந்த அன்று மைத்துனர் நினைத்துப் பார்த்ததெல்லாம் பேருந்து நிலையத்தில் கடைசியாகப் பார்த்ததைத்தான். பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. அக்காள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தம்பியின் சட்டைப் பொத்தான் தொங்குவதைப் பார்த்து, ஊருக்கெல்லாம் தைப்பவன் சட்டையைப் பார் என்று திட்டிக்கொண்டிருந்தாள். ஜோசியர் கம்பி வழியே கையை நீட்டி மைத்துனரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பதினொண்ணாவது வண்டி என்னைக்காவது சீட்டுக் கிழிஞ்சு உன்கிட்டதான்டா வரும். புதுக் காகிதம் ஊசி டப்பாவுல, தக்கைக்கு அடியில இருக்கு. மாத்தி வெச்சிரு. முதல்ல எழுதினவன் தப்பா எழுதிட்டான்னு வண்டிக்காரர்கிட்ட வாயாலயும் சொல்லிரு, மறந்துறாத."